புகார் இல்லாத தெரு

கோமதி செத்துப் பதினேழாம் நாள் சேர்மத்துரை வேலைக்குப் போனார். பதினாறாம் நாள் காரியத்தை முடித்து, மஸ்கட்டிலிருந்து வந்திருந்த மகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, வீட்டைக் கூட்டி, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, காலை ஏழு மணிக்கெல்லாம் பிரிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னும் ஒரு வாரம் லீவு எடுத்திருக்கலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். எடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அழுகை வரவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. தனக்குள் எதுவோ பழுதாகிவிட்டது என்று அவருக்கே பயமாக இருந்தது.

அவர் வேலை பார்த்தது வைப்பாறு மண்டல மின்பகிர்மானக் கழகத்தில். மூன்று மாவட்டத்துக்கு மின்சாரம் கொடுக்கிற அரசு நிறுவனம். முழுப் பெயரையும் சொல்லி முடிக்க மூச்சு வேண்டும் என்பதால் சனங்கள் ‘கரண்டாபீஸ்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கீழநாட்டார்பட்டியின் ஒன்பது தெருக்களுக்கும் இருபத்திரண்டு வருஷமாகச் சேர்மத்துரைதான் லைன்மேன். நடுவில் பதவி உயர்வு வந்து லைன் இன்ஸ்பெக்டர் ஆனார். ஆனாலும் கம்பத்தில் ஏறுவதை விடவில்லை. ஊரும் லைன்மேன் என்று கூப்பிடுவதை விடவில்லை.

அந்த ஒன்பது தெருவிலும் எந்த வீட்டு மீட்டர் பெட்டியைப் பார்த்தாலும் வெள்ளை பெயிண்டில் ஒரு போன் நம்பர் எழுதியிருக்கும். அது சேர்மத்துரையின் சொந்த நம்பர். கழகத்துக்கென்று ஐந்து இலக்கத்தில் தனிப் புகார் எண் உண்டுதான். அதைக் கூப்பிட்டால் ஒரு குரல் தேனாகப் பேசி, ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று ஆளைப் படுத்தி எடுக்கும். சேர்மத்துரையைக் கூப்பிட்டால் இரண்டாவது மணியில் எடுத்து, “பத்து நிமிஷம்” என்பார். அந்தப் பத்து நிமிஷம் சில நாள் பத்தாக இருக்கும், சில நாள் இரண்டு மணி நேரமாக இருக்கும். கம்பத்தில் ஏறுகிற எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் ஒரு மனுசக் குரல் பதில் சொல்லிவிட்டதில் அவர்களுக்கு ஒரு திருப்தி. இந்தக் காரணத்தால் ஆறு வருஷமாக ‘புகாரில்லாப் பிரிவு’ என்ற கேடயம் கீழநாட்டார்பட்டிக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

கோமதியிடமும் அவர் அதையேதான் சொன்னார்.

அன்று வெயில் நாற்பத்தேழு. ஊதா எச்சரிக்கை. பதினொன்றிலிருந்து நாலு மணி வரை யாரும் வெளியே நடமாடக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனார்கள். பன்னிரண்டு பத்துக்கு மின்சாரம் நின்றது. கோமதி மூன்று தடவை கூப்பிட்டாள். கடைசித் தடவை கூப்பிட்டபோது மணி இரண்டு. அவர் மேலத்தெருக் கம்பத்தின் உச்சியில், குளிர்ச்சிச் சட்டையை மாட்டிக்கொண்டு, எரிந்துபோன இணைப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். “தலைய என்னமோ பண்ணுதுங்க. வேப்ப மரத்தடிக்குப் போயிரட்டா?” என்று கேட்டாள். “வெளிய போகாத, வெயில் தாங்காது. உள்ளயே இரு. பத்து நிமிஷத்துல வந்துரும்” என்றார். தெருவில் மற்றவர்கள் எல்லாரும் கோயில் வேப்ப மரத்தடிக்குப் போய் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கோமதி புருசன் பேச்சைக் கேட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். நாலரைக்கு மின்சாரம் வந்தது. நாலு நாற்பதுக்கு அவர் வந்தார்.

அதற்குப் பிறகு அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது துக்கம்கூட இல்லை. நாலு மணி நேரம் இருபது நிமிஷம் என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. தட்டுப்பாடு வந்தால் தெருவுக்கு முக்கால் மணி நேரம் என்று முறை வைத்து நிறுத்துவதுதான் வழக்கம். மேலத்தெருவில் எரிந்தது வேறு லைன்; தன் தெரு லைனில் எந்தக் கோளாறும் இல்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியானால் மிச்ச நேரத்தை நிறுத்தியது யார்?

வேலைக்குத் திரும்பிய அன்றே, செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஸ் ஏறி, மாவட்டத் தலைநகரில் இருந்த சுமைப் பங்கீட்டு மையத்துக்குப் போனார். அங்கே நஸ்ரின் பானு உதவிப் பொறியாளராக இருந்தாள். முதல் இரண்டு வருஷம் கீழநாட்டார்பட்டியில் வேலை பார்த்தவள். கோமதி வைத்த மீன் குழம்புக்காகவே மத்தியானம் வீட்டுப் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பாள்.

“வாங்க அண்ணாச்சி. நானே வரணும்னு இருந்தேன். மதினி இப்படி…”

“இருக்கட்டும் மேடம். ஒரு விஷயம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார் சேர்மத்துரை. நாலு மணி நேரம் இருபது நிமிஷத்தைச் சொன்னார். “மிச்ச நேரம் யாரு நிறுத்துனது?”

நஸ்ரின் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“பங்காளிதான் அண்ணாச்சி.”

எந்தத் தெருவுக்கு எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கிற கணினிக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் அது. நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தது. அதற்கு முன்பெல்லாம் மந்திரியின் மச்சினர் தெருவுக்கு நிறுத்தாதே, கவுன்சிலர் தெருவுக்கு நிறுத்தாதே என்று போனுக்கு மேல் போன் வரும். பங்காளிக்கு யார் சிபாரிசும் செல்லாது என்று ஊரே அதைக் கொண்டாடியது.

“அது முறை வச்சுத்தான நிறுத்தும்?”

“சாதாரண நாள்ல முறைதான். ஊதா எச்சரிக்கை நாள்ல எல்லா வீட்லயும் ஏசி ஓடும். நூத்தி நாப்பது மெகாவாட் துண்டு விழும். அன்னைக்கு முக்கால் மணி நேரமெல்லாம் காணாது. யாருக்குக் கஷ்டம் கம்மியோ அங்க சேத்து நிறுத்தணும்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு.”

“கஷ்டம் கம்மின்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“கஷ்டத்த அளக்க மீட்டர் கிடையாதே அண்ணாச்சி. அதனால புகார அளக்குது. கரண்டு போனதும் எத்தன வீட்லருந்து புகார் நம்பருக்குப் போன் வருது, எவ்வளவு சீக்கிரம் வருது, எவ்வளவு கோவமாப் பேசுறாங்க. கத்துற தெருவுக்கு உடனே குடுத்துரும். சத்தமே வராத தெரு தாங்கிக்கிடும்னு எடுத்துக்கிடும். ஒவ்வொரு தெருவுக்கும் நூத்துக்கு இவ்வளவுன்னு மார்க் இருக்கு. பொறுமைக் குறியீடுன்னு பேரு.”

திரையை அவர் பக்கமாகத் திருப்பினாள். கீழநாட்டார்பட்டி, பஜனைமடத் தெரு. அவர் குடியிருக்கும் தெரு. தொண்ணூற்றொன்பது.

“மூணு மாவட்டத்துலயும் இதுக்கு மேல ஒரு தெருவும் வாங்கல” என்றாள். சொன்ன பிறகு, பாராட்டுவது போல ஆகிவிட்டதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சேர்மத்துரை திரையையே பார்த்தார். தெருவின் பெயருக்குக் கீழே வீட்டு இணைப்பு எண்கள் வரிசையாக இருந்தன. தன்னுடையதை விரலால் காட்டினார். நஸ்ரின் அதைத் திறந்தாள்.

“பழைய ரிஜிஸ்டரெல்லாம் இதுல ஏத்தியாச்சு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு புகார் இருக்கு. அதுக்குப் பிறகு ஒண்ணும் இல்ல.”

அது அவருக்கு ஞாபகம் இருந்தது. மகளுக்கு அப்போது ஐந்து வயது, நல்ல காய்ச்சல். மின்விசிறி ஓடவில்லையென்று கோமதி புகார் எண்ணைக் கூப்பிட்டுவிட்டாள். மறுநாள் ஆபீசில், “என்னய்யா, ஒம் பொண்டாட்டியே ஒம் மேல கம்ப்ளைண்டா?” என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அதற்குப் பிறகு அவள் அந்த எண்ணைத் தொடவே இல்லை.

“எனக்குப் போன் போட்டாளே மேடம்” என்றார். “மூணு தடவ போட்டா.”

“உங்க போன் அதுக்குத் தெரியாதே அண்ணாச்சி.”

நஸ்ரினின் கண் கலங்கிவிட்டது. சேர்மத்துரை ஒன்றும் ஆகாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஏசி காற்று காலில் பட்டுக்கொண்டிருந்தது. வலிக்க வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தும் வலிக்காமல் இருந்தது. மரத்துப்போவதென்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“இத மேல சொல்லலியா?”

“நாலு மாசத்துக்கு முன்னாடியே நோட் போட்டேன். இந்த முறை வந்த பிறகு மொத்தப் புகாரு பாதியாக் குறைஞ்சிருக்கே, அப்புறம் என்னன்னு பதில் வந்துச்சு. கையால மாத்தவும் வழி கிடையாது. சிபாரிசு உள்ள வந்துரும்னு கோர்ட்டே தடை போட்டிருக்கு. அந்தத் தீர்ப்பு வந்த அன்னைக்கு நானும் கைதட்டுனவதான்.” குரலைத் தாழ்த்தினாள். “அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை நாப்பத்தெட்டுன்னு சொல்லிருக்காங்க. அன்னைக்கும் உங்க தெருதான் முதல்ல நிக்குது. அஞ்சரை மணி நேரம் காட்டுது.”

அவருக்கு எதிர்வீடு ஞாபகம் வந்தது. முத்துச்செல்வி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். பெண் குழந்தை, பிறந்து பன்னிரண்டு நாள். இரண்டேகால் கிலோ. புருசன் திருப்பூரில் இருந்தான். பச்சை உடம்புக்காரியையும் அந்தக் குழந்தையையும் ஐந்தரை மணி நேரம் வேப்ப மரத்தடியில் வைத்திருக்க முடியாது. வீட்டுக்குள் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

“என்ன செஞ்சா மாறும்?”

“புகார் வரணும். கரண்டு இல்லாத நேரத்துல, அந்தந்த வீட்டு நம்பர்லருந்து, சொந்தக் குரல்ல வரணும். ஒரே வீடு நூறு தடவ போட்டாலும் ஒண்ணுதான். ஒரு நாப்பது வீடு போட்டாப் போதும், மார்க் சரசரன்னு இறங்கிரும். நாளைக்கும் வியாழக்கிழமையும் உங்களுக்கு வழக்கமான முக்கால் மணி நேர நிறுத்தம் இருக்கு. அதுக்குள்ள நடக்கணும்.”

பஜனைமடத் தெருவில் எழுபத்தோரு வீடு. அன்று சாயங்காலமே சேர்மத்துரை ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார். நாளைக்குக் கரண்டு போனதும் புகார் நம்பருக்குப் போடுங்கள், எனக்குப் போடாதீர்கள் என்று சொன்னார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். காப்பி கொடுத்தார்கள். சரி என்றார்கள். புகார் எண்ணை ஒரு சீட்டில் எழுதி வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மின்சாரம் நின்றது. மூன்றாவது நிமிஷம் அவர் போன் அடித்தது.

முக்கால் மணி நேரத்தில் முப்பத்துநாலு பேர் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரிடமும், “அந்த நம்பருக்குப் போடுங்க” என்றார். “ஆகட்டும் அண்ணாச்சி, இந்தாப் போடுதோம்” என்று வைத்தார்கள். மத்தியானம் நஸ்ரின் கூப்பிட்டாள். “ஒண்ணுகூட வரல அண்ணாச்சி.”

நேராக எதிர்வீட்டுக்குப் போனார். முத்துச்செல்வி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்த நம்பருக்குப் போட்டியாம்மா?”

“இல்ல மாமா.”

“ஏன்?”

அவள் தயங்கினாள். சமையல்கட்டில் நின்ற தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள். “தெருவுல எல்லாரும் பேசி வச்சிருக்கோம் மாமா. அத்த போயி இன்னும் ஒரு மாசம் ஆகல. இந்த நேரத்துல நாப்பது வீட்லருந்து புகார் போனா உங்க வேலைக்குல்ல வினை? எவனோ மேலருந்து உங்கள மாட்டிவிடப் பாக்கான். நீங்க வெள்ளந்தியா எங்ககிட்டயே வந்து கேக்கீய. நாங்க சாகுற வரைக்கும் உங்க மேல புகார் குடுக்க மாட்டோம்.”

சேர்மத்துரை உட்கார்ந்து பொறுமையாகப் பங்காளியைப் பற்றிச் சொன்னார். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“மிஷினுக்கு நம்ம தெரு மேல அப்படி என்ன மாமா வெறுப்பு?”

“வெறுப்பு இல்லம்மா. நல்ல தெருன்னு நினைக்குது.”

“அப்ப என்ன, நல்லதுதான?” என்று சிரித்தாள் முத்துச்செல்வியின் அம்மா.

கோமதி செத்ததே இதனால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு நின்றிருக்கும். தெரு முழுக்கப் பத்து நிமிஷத்தில் பரவி, எழுபத்தோரு வீடும் போனைக் கையில் எடுத்திருக்கும். சேர்மத்துரை வாயைத் திறந்தார். அதைச் சொன்னால் அவள் ஏன் அந்த எண்ணைக் கூப்பிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். மனிதர் கம்பத்து உச்சியில் பதினோராயிரம் வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்தான். ஆனால் இதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து வந்துவிட்டார்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நிறுத்தம். அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டு முன்னறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். போனை எதிரில் மேஜை மேல் வைத்தார். மின்விசிறி நின்றதும் அது ஒலிக்கத் தொடங்கியது. எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண் முன்னாலேயே அது அடித்து அடித்து ஓய்ந்தது. ஓய்ந்து மறுபடி அடித்தது. எடுக்கவில்லையென்றால் எரிச்சலாகி அந்த எண்ணைக் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்.

அவர்கள் கூப்பிடவில்லை, நேரில் வந்துவிட்டார்கள். பத்தாவது நிமிஷம் வாசலில் எட்டுப் பேர். அண்ணாச்சி போனை எடுக்கவில்லையே, உடம்புக்கு என்னவோ என்று பதறிப்போய் வந்திருந்தார்கள். ஒருவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு அம்மாள் மோரில் உப்புப் போட்டுச் சொம்பில் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். இன்னொருவர் பனையோலை விசிறியை எடுத்து அவருக்கு வீச ஆரம்பித்தார். இவ்வளவு நல்ல சனத்தை எப்படித்தான் கெடுப்பது என்று அவருக்குப் புரியவில்லை.

அப்போது முத்துச்செல்வி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் முகம் செக்கச்செவேலென்று கிடந்தது. “மாமா, பிள்ள பால் குடிக்க மாட்டேங்கு. கரண்டு எப்ப வரும் மாமா?”

சேர்மத்துரை குழந்தையைப் பார்த்தார். பிறகு சொம்பை ஒரு தட்டுத் தட்டினார். அது சுவரில் மோதி, மோர் தரையெல்லாம் ஓடியது.

“எப்ப வரும்னு எனக்கு என்னட்டீ தெரியும்? நான் என்ன ஒங்கப்பன் வச்ச வேலைக்காரனா? பொண்டாட்டிய எரிச்ச சூடு இன்னும் ஆறல, அதுக்குள்ள கரண்டு கரண்டுன்னு உசுர வாங்குதீய. அவ உள்ள கெடந்து துடிச்சப்ப எவன் வந்து எட்டிப் பாத்தான்? எல்லாரும் மரத்தடியில காத்து வாங்கிட்டுத்தான கெடந்தீய? ஒரு நாதி, ஒருத்தி வரலையேன்னு தேடுனீயளா? பிள்ள அழுதா அழட்டும். இனி எவனும் இந்தப் படி ஏறக் கூடாது. போங்க வெளிய!”

விசிறிக்கொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது. முத்துச்செல்வியின் வாய் கோணியது. குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். பேசியதில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிசம் என்று கேட்டால் சேர்மத்துரையால் சொல்லியிருக்க முடியாது. ஒரு துணியை எடுத்துவந்து குனிந்து மோரைத் துடைத்தார்.

சாயங்காலம் நஸ்ரின் கூப்பிட்டாள்.

“அறுபத்திமூணு புகார் அண்ணாச்சி! எல்லாம் கடைசி இருபது நிமிஷத்துல. ஆனா…”

“ஆனா என்ன?”

“கரண்டப் பத்தி ரெண்டு மூணுதான். மிச்சமெல்லாம் உங்களப் பத்தி. குடிச்சிருக்காருன்னுகூட ஒருத்தர் சொல்லிருக்காரு. உங்க மேல நடவடிக்கை எடுக்காம விட மாட்டாங்க.”

“எண்ணிக்கைல சேரும்ல?”

“சேரும். தொண்ணூத்தொன்பது இப்ப முப்பத்தொண்ணு.”

“அப்பச் சரி மேடம்.”

வெள்ளிக்கிழமை நாற்பத்தெட்டு என்று சொன்னதற்கு ஒரு டிகிரி கூடவே அடித்தது. காலையிலேயே மெமோ வந்துவிட்டது. விளக்கம் எழுதிக் கொடுக்கும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றது. சேர்மத்துரை வீட்டிலிருந்தார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. தலைக்கு மேல் மின்விசிறி நிற்காமல் ஓடியது. எதிர்வீட்டில் கூலர் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு தடவை குழந்தை வீரிட்டு அழுதது. நல்ல கனத்த, பசித்த அழுகை. சன்னலில் முத்துச்செல்வி தெரிந்தாள். இவரைப் பார்த்ததும் திரையை இழுத்துவிட்டாள்.

காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு நிம்மதி வரும் என எதிர்பார்த்திருந்தார். வரவில்லை. அவள் திரையை இழுத்ததற்கு ஒரு வலியாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை. சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார், தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். கவிழ்க்கும்போதுதான் ஒன்று உறைத்தது. இருபத்திரண்டு வருஷம் மின்சாரத்தோடு புழங்கியவருக்குச் செவ்வாய்க்கிழமையே உறைத்திருக்க வேண்டியது அது. நஸ்ரினைக் கூப்பிட்டார்.

“மேடம், இங்க கரண்டு இருக்கு.”

“தெரியும் அண்ணாச்சி.”

“நூத்தி நாப்பது மெகாவாட் இன்னைக்கும் துண்டுதான?”

“நூத்தி அம்பது.”

“அப்ப எங்க இல்ல?”

“கேக்காதீங்க அண்ணாச்சி” என்றாள்.

“சொல்லுங்க.”

“குப்பாண்டாபுரம் கீழத்தெரு. தொண்ணூத்தெட்டு. உங்களுக்கு அடுத்து அதான் இருந்துச்சு. பத்தரைக்கு நின்னுச்சு, நாலு மணிக்குத்தான் வரும்.”

குப்பாண்டாபுரத்துக்கு லைன்மேன் இஸ்ரவேல். சேர்மத்துரைக்குப் பத்து வயது இளையவர். கேடயம் கீழநாட்டார்பட்டிக்கு வருவதற்கு முன்னால் மூன்று வருஷம் குப்பாண்டாபுரத்தில்தான் இருந்தது. அங்கேயும் மீட்டர் பெட்டியில் ஒரு நம்பர் எழுதியிருக்கும், சிவப்பு பெயிண்டில். அந்த நம்பரைச் சேர்மத்துரை அழுத்தினார். முதல் மணி முழுதாக அடிக்கக்கூட இல்லை.

“சொல்லுங்க அண்ணாச்சி, என்ன வேணும்?” இஸ்ரவேலுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம்.

“இஸ்ரவேல், கீழத்தெருவுல கரண்டு எப்ப வரும்னு சனங்ககிட்ட என்ன சொல்லிருக்க?”

“பத்து நிமிஷம்னு சொல்லிருக்கேன். வேற என்னத்தச் சொல்ல?”

“நாலு மணி ஆகும். எல்லாரையும் புகார் நம்பருக்குப் போடச் சொல்லு. நீ இருக்குற வரைக்கும் போட மாட்டாவ. அதனால உன் போனை அணைச்சிரு. யாரு கூப்பிட்டாலும் எடுக்காத.” ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். பங்காளி, பொறுமைக் குறியீடு, தொண்ணூற்றெட்டு. முந்தாநாள் எதிர்வீட்டில் சொல்ல முடியாமல் விழுங்கியதையும் சொன்னார். கோமதி மூன்று தடவை கூப்பிட்டதைச் சொன்னார். அவளை அந்த நம்பரைத் தொடவிடாமல் செய்தது தான்தான் என்பதையும் சொன்னார்.

இஸ்ரவேல் வண்டியை நிறுத்திவிட்டது தெரிந்தது. அவர் குரல் ரொம்ப இதமாக இருந்தது.

“அண்ணாச்சி, மதினி போயி இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. என்னென்னமோ தோணத்தான் செய்யும். நீங்க தனியா இருக்காதீக. ஞாயித்துக்கிழம நான் வாரேன், பேசிக்கிட்டு இருப்போம்.”

“எனக்கு ஒண்ணும் இல்ல இஸ்ரவேல். நான் சொல்லுறதக் கேளு.”

“கேக்கேன், கேக்கேன். ஆனா போனை எடுக்கலன்னா சனங்க என்ன நினைப்பாக? இந்தா, இன்னொரு கால் வருது. டெய்லர் சூசை அய்யாதான். தனியாளு. காலைலருந்து ஒம்பது பத்துத் தடவ கூப்பிட்டாரு. எடுக்கலன்னா தவிச்சுப்போவாரு. வைக்கேன் அண்ணாச்சி.”

சேர்மத்துரை மறுபடி அழுத்தினார். இஸ்ரவேல் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை அழுத்தினார். அப்போதும் பேசிக்கொண்டிருந்தார். புகார் எண்ணைக் கூப்பிட்டுக் குப்பாண்டாபுரத்துக்காகத் தானே சத்தம் போடலாம் என்று பார்த்தார். உங்கள் இணைப்பில் தற்போது மின்தடை ஏதுமில்லை என்று அந்தத் தேன்குரல் சொல்லி வைத்துவிட்டது. இஸ்ரவேலின் நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். வேறு எந்த வேலையும் அவருக்கு இல்லை. மணி இரண்டாயிற்று. இரண்டரையும் ஆயிற்று.

மூன்று மணிக்குப் பக்கத்தில் இஸ்ரவேலே கூப்பிட்டார். குரலில் களைப்பு இருந்தாலும் கொஞ்சம் தெம்பாகத்தான் பேசினார்.

“கோச்சுக்கிடாதீக அண்ணாச்சி, உங்களப் பாதியில விட்டுட்டேன். மூச்சு விட நேரமில்ல. இப்பத்தான் கொஞ்சம் அடங்கிருக்கு. சூசை அய்யாதான் ரொம்பப் படுத்திட்டாரு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேங்காரேன்னு நானும் ஒரு சத்தம் போட்டேன். எப்படியோ சமாதானமாயிட்டாரு. முக்கால் மணி நேரமாக் கூப்பிடவே இல்ல.”

சேர்மத்துரை எழுந்து நின்றார். பத்தொன்பது நாளுக்குப் பிறகு தன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவர் காதுக்கே கேட்டது.

“இஸ்ரவேல், ஓடு.”

“எங்க அண்ணாச்சி?”

“அவர் வீட்டுக்கு.”